குடைக்கோரை: தொட்டியிலும் குளியல் தண்ணீர்ப் பாத்தியிலும் வளர்க்கும் முறை

நர்சரியில் ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் செடி பனை வகை இல்லை. அது ஒரு கோரை. வயலில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்கு, பத்தமடைப் பாய்க்கான கோரை, எகிப்தியர்கள் எழுதுதாள் செய்த பாப்பிரஸ் எல்லாமே சைபெரஸ் என்ற ஒரே பேரினம். குடைக்கோரையும் அதில்தான் வருகிறது. அதன் தாவரவியல் பெயர் சைபெரஸ் இன்வோலுக்ரேட்டஸ். பல கடைகளில் சைபெரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள்; வீட்டு வளர்ப்புக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை. பூர்வீகம் ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைச் சேறு. நம் ஊர் வெயிலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது, தண்ணீர் மட்டும் குறையாமல் இருந்தால்.

இந்தச் செடி சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் செய்வதையே இதற்கும் செய்வது. மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது, அடியில் ஓட்டை போட்ட தொட்டி, தேங்காய் நார்த்தூள் கலந்த பொலபொலப்பான கலவை என்று மற்ற செடிகளுக்கு நல்லதாக இருப்பவை எல்லாம் இதற்கு ஆகாது.

ஒரு தண்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் காரணம் புரியும். தண்டில் கணு இல்லை, இலையும் இல்லை. அடியில் பழுப்பு நிறத்தில் சுற்றியிருக்கும் உறைதான் இலையின் மிச்சம். உச்சியில் குடைக்கம்பி போல விரிந்து நிற்பவை பூவடிச் செதில்கள். ஒரு தலையில் 12 முதல் 25 வரை இருக்கும். தண்டும் இந்தச் செதில்களும் சேர்ந்துதான் செடிக்கு உணவு தயாரிக்கின்றன. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைத் திசு, அதில் நுண்ணிய காற்றறைகள். சேற்றில் ஆக்சிஜன் கிடையாது என்பதால், மேலே இருக்கும் காற்று இந்த அறைகள் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதனால்தான் மற்ற செடிகளுக்கு வேர் அழுகும் இடத்தில் இது செழிக்கிறது. கவாத்து செய்யும்போது மறக்கக் கூடாத விதியும் இதிலிருந்தே வருகிறது: எல்லாத் தண்டுகளையும் ஒரேயடியாக நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றுக்குழாய்கள் மூழ்கி, கிழங்கு மூச்சுமுட்டி அழுகிவிடும். நீர்மட்டத்துக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

இரண்டு தொட்டி முறைதான் எனக்குப் பிடித்தது. உள்ளே 8 அல்லது 10 அங்குலத் தொட்டி, அடியில் ஓட்டையோடு. வெளியே 14 அங்குல அகலமுள்ள, ஓட்டை இல்லாத டப். உரம் வைக்க, கிழங்கைப் பிரிக்க, டப்பைக் கழுவ என்று எதற்கும் உள் தொட்டியை மட்டும் தூக்கி வெளியே வைத்துக்கொள்ளலாம். நேரடியாகப் பெரிய டப்பில் மண் நிரப்பி நட்டால் இரண்டாம் ஆண்டில் அதை அசைக்கக்கூட முடியாது.

மண்ணுக்கு ஏரி வண்டல் அல்லது களிப்பான செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. இதற்கு மேல் உரம் வேண்டாம். மக்காத சாணியைப் போட்டால் தண்ணீர் கறுத்து நாறும், அடுத்த வாரமே பாசி பிடிக்கும். தேங்காய் நார்த்தூள் தேங்கிய நீரில் மிதந்து வெளியே வந்துவிடும். உள் தொட்டியின் ஓட்டைகள் மேல் ஒரு துண்டு கொசுவலையோ சணல் துணியோ போட்டு, மண்ணை நனைத்து அழுத்தி நிரப்பி, நட்ட பிறகு மேலே 2 செ.மீ. கூழாங்கல் பரப்ப வேண்டும். கல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் வண்டல் கலங்கும்.

கிழங்கின் மேல்பகுதி மண் மட்டத்திலேயே இருக்கட்டும். ஆழப் புதைக்கக் கூடாது. நட்ட முதல் இரண்டு வாரம் மண்மேல் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, வெளி டப்பில் பாதி உயரம் இருந்தால் போதும். புதுத்தண்டு தலைகாட்டியதும் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. வரை நீர் ஏற்றலாம். 10 செ.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் ஆழம் கூட்டினால் செடி சாகாது, ஆனால் புதுத்தண்டுகளின் எண்ணிக்கை குறையும்.

ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இருந்தால் தண்டு தடியாக, நிமிர்ந்து 1 முதல் 1.5 மீட்டர் வரை நிற்கும். பால்கனி நிழலிலும் பிழைக்கும். ஆனால் தண்டு மெலிந்து நீண்டு, ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். சாய்கிற தண்டுகளைக் கயிற்றால் கட்டி நிறுத்துவதைவிட, தொட்டியை இரண்டடி வெளிச்சத்துப் பக்கம் நகர்த்துவதுதான் தீர்வு. மொட்டைமாடியில் கறுப்பு டப் வைத்தால் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்தது போலச் சுடும். டப்பின் வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், அல்லது பிற்பகல் நிழல் விழும் பக்கமாக வைக்கலாம்.

தண்ணீர், உப்பு

மே மாத வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்தே ஒரு நாளைக்கு 6 முதல் 8 மி.மீ. ஆவியாகும். அடர்ந்த குடைக்கோரை உறிஞ்சி வெளியேற்றுவது அதற்கு மேல். ஆகவே கோடையில் தினமும் தண்ணீர் விட வேண்டியிருக்கும். வெளியூர் போகும்போது பெரிய டப்புக்கு மாற்றி, நிழலில் வைத்து, விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போகலாம். அதையும் மீறி ஒருமுறை முழுக்கக் காய்ந்து தண்டெல்லாம் வைக்கோலாகிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். காய்ந்ததை வெட்டிவிட்டு மண்ணை முழுக்க நனைத்து வையுங்கள். கிழங்கு இன்னும் கெட்டியாக இருந்தால் சில வாரத்தில் துளிர்க்கும். கிழங்கை விரலால் அழுத்தும்போது கொழகொழவென்றோ உள்ளீடற்ற சக்கையாகவோ இருந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம்.

நகரத்து வீடுகளில் மண் காய்வதைவிடப் பெரிய தொந்தரவு உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர் மட்டும்தான் போகிறது. குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருந்தால் டப்பில் உப்பு மாதாமாதம் ஏறும். செதில்களின் நுனி பழுப்பாகிக் கருகுவது முதல் அடையாளம். டப்பின் உள்சுவரில் வெள்ளை வளையம் படிவது இரண்டாவது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மாதம் ஒருமுறை டப்பை முழுக்கக் கவிழ்த்து, உள் தொட்டியின் மேலிருந்து ஒரு பக்கெட் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணில் தங்கிய உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை இதற்கு ஊற்றவே கூடாது. உப்பு செறிந்திருப்பதே அந்தத் தண்ணீரில்தான்.

நுனிக் கருகல் வேறு, வெளிறல் வேறு. புதிதாக வரும் தலைகள் மஞ்சள் கலந்த வெளிர்ப் பச்சையாக வந்தால் கடினநீர் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து மாலையில் தெளித்தால் அடுத்து வரும் தலைகள் பச்சையாக வரும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். பழைய தண்டு மட்டும் மஞ்சளாவது நோயே இல்லை. ஒவ்வொரு தண்டுக்கும் சில மாத ஆயுள்தான். பூத்து முடிந்ததும் பழுப்பாகும். அதை வெட்டி எடுப்பதே பராமரிப்பு.

உரம் என்று பார்த்தால் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, தொட்டியின் ஓரமாக விரல் ஆழத்துக்கும் கீழே புதைத்து, மண்ணால் மூட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். தண்ணீரில் கரையும் 19:19:19 போன்ற உரங்களை டப்பில் கொட்டினால் செடிக்கு முன்னால் பாசிதான் அதைச் சாப்பிடும்.

கொசு

தேங்கிய தண்ணீர் இருக்கிற வீட்டில் இதைப் பேசாமல் விட முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஒன்றரை வாரத்துக்குள் பறக்கத் தயாராகிவிடும். தண்ணீரை வாராவாரம் மாற்றுகிறோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஏடிஸ் முட்டையிடுவது நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, தண்ணீரையே கொசுவின் கண்ணில் படாமல் செய்வது. உள் தொட்டிக்கும் டப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி முழுக்க முக்கால் அங்குல ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருக்கட்டும்; இந்த முறையில் உள் தொட்டியின் மண்மேலும் தண்ணீர் நிற்க விட வேண்டாம். மேலே கல் காய்ந்திருக்கும், கீழே தண்ணீர் இருக்கும், கொசுவுக்கு முட்டையிட நீர்ப்பரப்பு கிடைக்காது. மட்டம் பார்க்க ஒரு ஓரத்தில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய்த் துண்டைச் செங்குத்தாக நட்டு, வாயில் வலைத்துணி கட்டிவிடலாம். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் மட்டம் தெரியும். கோடையில் ஆவியாவதும் இதில் குறைகிறது. திறந்த நீரின் அழகு வேண்டும் என்பவர்கள் 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் டப்பில் நாலைந்து கப்பி மீன் விடலாம். அந்த மீனை மழை வெள்ளத்தோடு ஏரி, குளத்துக்குப் போக விடாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு.

தலைகீழாக வைத்தால் வேர் விடும்

குடைக்கோரையை ஒருவரிடமிருந்து வாங்கினால் போதும், பிறகு தெருவுக்கே கொடுக்கலாம். விதை, கிழங்கு எதுவும் வேண்டாம், ஒரு தலை போதும். ஆற்றங்கரையில் தண்டு முதிர்ந்து சாய்ந்து தலை தண்ணீரைத் தொடும்போது, செதில்கள் கூடும் நடுமையத்திலிருக்கும் மொட்டுகள் அங்கேயே வேர் விட்டு முளைக்கும். நாம் செய்வது அதையேதான்.

தலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. செதில்கள் முழுதாக விரிந்து, அழுத்தமான பச்சையில், தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். இளம் தலை, அதாவது இன்னும் மேல்நோக்கிக் கூம்பி வெளிர்ப்பச்சையாக இருப்பது, தண்ணீரில் ஒரு வாரத்தில் கொழகொழத்துவிடும். பழுப்புப் பூவோடு மஞ்சள் பாரித்த தலையில் மொட்டுக்குத் தெம்பு இருக்காது. தேர்ந்த தலையை 4 அல்லது 5 செ.மீ. தண்டு விட்டு வெட்டுங்கள். பூக்கொத்து இருந்தால் கிள்ளிவிட்டு, செதில்களைச் சுற்றிலும் 3 செ.மீ. மட்டும் விட்டுக் கத்தரியுங்கள். நீளமாக விட்டால் தண்ணீரில் மூழ்கும் பகுதி அழுகி, மொத்தத்தையும் கெடுக்கும்.

அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் 4 செ.மீ. தண்ணீர். தலையைக் கவிழ்த்து, தண்டுத்துண்டு மேலே நிற்கும்படி மிதக்க விடுங்கள். செதில்கள் கூடும் மையம் தண்ணீரைத் தொட்டே ஆக வேண்டும். அங்கிருந்துதான் எல்லாம் வரும். வெளிச்சமான, நேரடி வெயில் படாத இடம். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், வழுவழுப்பு தெரிந்தால் ஓடும் தண்ணீரில் அலசிவிட வேண்டும். முதலில் செதிலின் கக்கத்தில் வெள்ளைப் புள்ளி போல ஒரு புடைப்பு. பிறகு அது நூல் போன்ற வெள்ளை வேராக நீளும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அதன் பக்கத்திலேயே பச்சை ஊசி போல முளை கிளம்பும். ஒரே தலையில் நாலைந்து முளை வருவது சாதாரணம்.

வேர் 5 செ.மீ. தாண்டிய பிறகு எடுத்து நடலாம், அவசரப்பட வேண்டாம். நடும்போது பழைய தலை கீழே, முளைகள் மேலே. பழைய மையம் மண்ணுக்குள் 1 செ.மீ. மூடினால் போதும். முதல் மாதம் சேறு போன்ற ஈரமே போதும். முளை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கக் கூடாது. தண்ணீர் மாற்ற நேரமில்லாதவர்கள் ஈர மணல் நிரப்பிய தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, மையத்தின் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்து அழுத்தினாலும் வேர் பிடிக்கும். அழுகல் இதில் குறைவு.

குட்டையாக வளரும் குள்ளப் பாப்பிரஸ், அதாவது சைபெரஸ் புரோலிஃபரும் இப்படித் தலையிலிருந்து வரும். 4 மீட்டருக்கு மேல் வளரும் பெரிய பாப்பிரஸில் இதை நம்ப முடியாது. கிழங்கைப் பிரிப்பதுதான் உறுதியான வழி. வெள்ளை வரி போட்ட குடைக்கோரை வகையில் அவ்வப்போது முழுப் பச்சைத் தண்டு வரும். அது வீரியமானது, விட்டால் வரித்தண்டுகளை அமுக்கிவிடும், கண்டவுடன் அடியோடு எடுங்கள்.

தொட்டியில் நடுப்பகுதி காலியாகி விளிம்பில் மட்டும் தண்டுகள் நெருக்கினால் பிரிக்கும் வேளை வந்துவிட்டது. ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குள் வரும். தள்ளிப்போட்டால் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியை வேரே பிளந்துவிடும். கோடைச் சூடு தணிந்த ஆடி மாதம் இதற்கு ஏற்றது. தொட்டியைக் கவிழ்த்து, தொட்டியளவு வேர்க்கட்டியைப் பழைய ரம்பத்தால் அறுக்க வேண்டும். கத்தி ஏறாது. ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நான்கு தண்டும், வெளிவிளிம்பின் முளை மொட்டும் இருக்க வேண்டும். நடுவிலிருக்கும் கறுத்த, வெறுமையான கிழங்கு குப்பைக்கு. தண்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு நட்டால் வாடல் குறையும்.

பூச்சியில் மாவுப்பூச்சிதான் முக்கியம். தலையின் மையத்திலும் அடி உறைக்குள்ளும் ஒளிந்திருக்கும். மேலோட்டத் தெளிப்பு அங்கே போகாது. அடி உறை காய்ந்தவற்றை உரித்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. திரவச் சோப்பும் கலந்து மாலையில் அடியுங்கள். மீன் இருக்கும் டப் என்றால் உள் தொட்டியை வெளியே எடுத்து அடித்து, மறுநாள் கழுவித்தான் திரும்ப வைக்க வேண்டும். உலர்ந்த கோடையில் செதிலில் மங்கலான மஞ்சள் புள்ளிகளும் நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்திப்பேன். தினம் காலையில் தலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே கட்டுக்குள் வரும். செதில்கள் மென்று நைந்திருந்தால் பூனையைப் பாருங்கள். பூனைகளுக்கு இது மிகப் பிடிக்கும். விஷமில்லை, கவலை வேண்டாம்.

குளியல், துவைக்கும் தண்ணீருக்குப் பாத்தி

இடம் உள்ள வீட்டில் குடைக்கோரையின் உண்மையான பயன் இங்கேதான். நால்வர் உள்ள வீட்டில் குளிக்க, துவைக்க என்று நாளொன்றுக்கு 300 லிட்டர் வெளியேறுவதாக வைத்துக்கொண்டால் 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழப் பாத்தி போதும். நிரப்பிய ஜல்லிக்கு இடையில் சுமார் 40 விழுக்காடு காலி இடம் இருக்கும், 50 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பாத்தி பிடிப்பது 800 லிட்டர். அதாவது உள்ளே வரும் தண்ணீர் இரண்டரை நாளுக்கு மேல் தங்கித்தான் வெளியே போகிறது. சுத்தமாவதற்கு இந்த நேரம் தேவை.

அடியில் கசியாத தார்ப்பாய் அல்லது சிமென்ட் பூச்சு. நுழைவாயில், வெளிவாயில் இரண்டிலும் அரை மீட்டர் அகலத்துக்கு 40 முதல் 60 மி.மீ. கல், நடுவில் 10 முதல் 20 மி.மீ. கழுவிய ஜல்லி. கழுவாத ஜல்லியின் தூள் அடியில் படிந்து ஓட்டத்தை அடைத்துவிடும். தரைச்சரிவு மீட்டருக்கு 1 செ.மீ. வெளிக்குழாயை எல்போ வளைவு பொருத்தி மேலே திருப்பி, நீர்மட்டம் ஜல்லிக்கு 10 செ.மீ. கீழே நிற்கும்படி வைத்தால் கொசுவும் நாற்றமும் வராது. சதுர மீட்டருக்கு நான்கு முதல் ஆறு கன்று. முதலில் நல்ல தண்ணீர் விட்டு வேர் பிடித்த பிறகே சோப்புத் தண்ணீரைத் திருப்ப வேண்டும்.

பாத்தி கெடுவது பெரும்பாலும் முன்தொட்டி இல்லாததால். முடி, நூல், சோப்புக் கசடு தங்க 100 லிட்டர் தொட்டி ஒன்று பாத்திக்கு முன்னால் கட்டாயம். சமையலறைத் தண்ணீரையும் சேர்ப்பதானால் எண்ணெய் பிடிக்கும் தொட்டி தனியாக வேண்டும். எண்ணெய் ஜல்லியில் படிந்தால் மொத்தத்தையும் அள்ளிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிடும் பாத்திக்குள் போகக் கூடாது, ஏனென்றால் அழுக்கைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு ஜல்லியிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. செடி அவற்றுக்கு ஒட்ட இடமும் வேரருகே கொஞ்சம் ஆக்சிஜனும் கொடுக்கிறது, தன் பங்குக்குச் சத்துகளை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய சத்து வெளியேற வேண்டுமானால் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை முதிர்ந்த தண்டுகளை அறுத்து எடுக்க வேண்டும். அங்கேயே விழுந்து மக்கினால் எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும். அறுத்ததை விரல் நீளத்துக்கு நறுக்கி மூடாக்காகப் போடலாம். வெளிவரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம்.

கோரை என்றதும் தோட்டம் முழுக்கப் பரவிவிடுமோ என்று பலருக்குப் பயம். கோரைக்கிழங்கு போல மண்ணுக்கடியில் முடிச்சு முடிச்சாகக் கிழங்கு போட்டு இது ஓடாது. காய்ந்த நிலத்தில் தானே நின்றுவிடும். ஆனால் ஈரமான இடத்தில் விதையாலும் ஒடிந்த தலையாலும் பரவும். ஆஸ்திரேலியா உள்பட வெளியில் கொண்டுபோன பல நாடுகளில் ஓடைக்கரைகளில் காடாகிப் போயிருக்கிறது. வாய்க்காலோ ஏரியோ பக்கத்தில் இருந்தால் பூக்கொத்து பழுப்பாகும் முன்பே தலையை வெட்டிவிடுங்கள். பிரித்த கிழங்கில் மிச்சமானதை ஈரமாகக் குப்பையில் போடாமல், சிமென்ட் தரையில் பரப்பி, இரண்டு வாரம் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே உரக்குழிக்குப் போட வேண்டும்.